எட்டாத நட்சத்திரத்துக்குச் சூடு பார்த்தார்கள்!

ஒரு நட்சத்திரம் எவ்வளவு சூடு?

அதில் இரும்பு எவ்வளவு இருக்கிறது? மெக்னீசியம் எவ்வளவு? ஹைட்ரஜன் வாயு எவ்வளவு?

"இதை எல்லாம் யார் போய் அளந்தது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

யாரும் போகவில்லை. போகவும் முடியாது. போனால் மனிதனும் மிஞ்ச மாட்டான். அவன் கொண்டுபோகும் கருவியும் மிஞ்சாது.

ஆனாலும் அளந்திருக்கிறார்கள்! நம் தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேல் கருவியை வைத்துக்கொண்டே அளந்திருக்கிறார்கள். எங்கோ வெகு தொலைவில் இருக்கும் 4 நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தும் விட்டார்கள்.

எப்படி முடிந்தது? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் மலைக்குப் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்குப் போவோம்.

உலை சொல்லும் பாடம்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. அங்கே இரும்பை உருக்கும் ஆலைகள் உண்டு. உருக்கிய இரும்பைக் கம்பியாக இழுக்கும் ஆலைகளும் உண்டு.

அங்கே பல ஆண்டு வேலை பார்த்த ஒரு மேஸ்திரியிடம், "என்ன அண்ணே, பதம் வந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் இரும்பைத் தொட்டுப் பார்க்க மாட்டார். கண்ணால் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் காயணும் தம்பி" என்பார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது?

நிறத்தை வைத்துத்தான்!

இரும்பு சுமார் 700 டிகிரி சூட்டில் மங்கலான சிவப்பாக இருக்கும். சுமார் 1,000 டிகிரியில் ஆரஞ்சுப் பழ நிறம் வரும். அதற்கு மேலே மஞ்சள். இன்னும் மேலே போனால் கண்ணைக் கூசும் வெள்ளை. சூடு ஏற ஏற நிறம் மாறும்.

நட்சத்திரமும் இப்படித்தான். சிவப்பாகத் தெரியும் நட்சத்திரம் சூடு குறைந்தது. நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிவது சூடு மிகுந்தது.

திருவாதிரை நட்சத்திரத்தைப் பாருங்கள். செக்கச் செவேல் என்று இருக்கும். அதன் மேற்பரப்பின் உஷ்ணம் சுமார் 3,500 டிகிரிதான். நம் சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. சித்திரை நட்சத்திரம் நீலம் கலந்த வெள்ளை. அதன் உஷ்ணமோ 20 ஆயிரம் டிகிரிக்கும் மேல்!

விஞ்ஞானிகள் கண்ணை மட்டும் நம்புவது இல்லை. நட்சத்திரத்தின் ஒளியை நீலக் கண்ணாடி வழியாக ஒரு தடவை அளப்பார்கள். சிவப்புக் கண்ணாடி வழியாக ஒரு தடவை அளப்பார்கள். நீல ஒளி எவ்வளவு, சிவப்பு ஒளி எவ்வளவு என்று கணக்குப் போட்டால் உஷ்ணம் தெரிந்துவிடும்.

இதில் ஓர் ஏமாற்றும் இருக்கிறது. மாலைச் சூரியன் சிவப்பாகத் தெரிகிறது. சூரியன் ஆறிப்போனதா? இல்லை. நடுவில் உள்ள காற்றும் தூசியும் நீல ஒளியைச் சிதற அடித்துவிடுகின்றன. நட்சத்திரங்களுக்கும் நமக்கும் நடுவிலும் தூசி உண்டு. அந்தத் தூசியின் கணக்கைக் கழித்த பிறகுதான் சரியான உஷ்ணம் கிடைக்கும்.

உப்பு காட்டும் மஞ்சள்

சூடு தெரிந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மறுபடியும் ஆலைக்கே வருவோம். உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்து ஆற வைப்பார்கள். அது சின்ன வில்லையாக இறுகும். அதற்கு 'சாம்பிள்' என்று பெயர். அதை வழவழப்பாகத் தேய்த்து, ஒரு கருவியில் வைத்து, மின்சாரப் பொறி பறக்க விடுவார்கள்.

அந்தப் பொறியின் ஒளியைக் கருவி பிரித்துப் பார்க்கும். சிறிது நேரத்தில், கரி இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு, சிலிக்கன் இவ்வளவு என்று எண்கள் வந்து விழும். ஆலையில் இதை 'ஸ்பெக்ட்ரோ' என்பார்கள்.

ஒளியிலிருந்து இது எப்படித் தெரிகிறது?

உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே பதில் இருக்கிறது. உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது அல்லவா? உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் சூடானால் மஞ்சள் ஒளி தரும்.

சிவகாசி மத்தாப்பிலும் இதே வித்தைதான். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் சேர்ப்பார்கள். பச்சைக்குப் பேரியம் சேர்த்து வந்தார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கு என்று ஓர் ஒளி அடையாளம் வைத்திருக்கிறது. நம் கைரேகை மாதிரி!

"முடியவே முடியாது" என்றார்!

1835-ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் கோம்த் என்று ஒரு பெரிய தத்துவ அறிஞர் இருந்தார். "நட்சத்திரத்தில் என்ன பொருள்கள் இருக்கின்றன என்பதை மனிதன் ஒரு நாளும் அறிய முடியாது" என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார்.

அவர் சொன்னது 25 ஆண்டு கூட நிலைக்கவில்லை.

சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் பிரித்தால் வானவில் தெரியும். அதை உற்றுப் பார்த்தால் ஊடே கறுப்புக் கோடுகள் இருக்கும். 1814-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் பிரான்கோபர் அந்தக் கோடுகளை எண்ணி வரைந்து வைத்திருந்தார். அவை என்ன என்றுதான் தெரியவில்லை.

1859-ம் ஆண்டில், ஜெர்மனியைச் சேர்ந்த கிர்க்காப், புன்சன் என்ற இருவர் மர்மத்தை உடைத்தார்கள். நட்சத்திரத்தின் மேல் படலத்தில் இருக்கும் தனிமங்கள், தங்களுக்கு உரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய இடம் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. சோடியத்துக்கு ஒரு கோடு வரிசை. இரும்புக்கு ஒரு கோடு வரிசை.

அந்தக் கோடுகள்தான் நட்சத்திரத்தின் எழுத்துக்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது தன் கதையைச் சொல்லும்.

சாகா செய்த உதவி

ஆனால் படிப்பதில் ஒரு சிக்கல் வந்தது.

ஒரு நட்சத்திரத்தில் ஒரு தனிமத்தின் கோடு இல்லை. அப்படியானால் அந்தத் தனிமமே அங்கு இல்லை என்று அர்த்தமா?

"இல்லை" என்று காட்டியவர் ஓர் இந்தியர். மேகநாத் சாகா! 1920-ம் ஆண்டில் அவர் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். அது இன்றும் 'சாகா சமன்பாடு' என்றே உலகம் முழுவதும் அழைக்கப்படுகிறது.

ஒரே தனிமம், சூட்டுக்குத் தக்கபடி வேறு வேறு கோடுகளைப் போடும். சூடு ஒத்துவரவில்லை என்றால், தனிமம் இருந்தும் கோடு போடாது. ஆகவே முதலில் சூட்டைச் சரியாக அளக்க வேண்டும். பிறகுதான் பொருளின் அளவைச் சொல்ல முடியும். சூட்டில் 100 டிகிரி பிசகினாலும், பொருளின் கணக்கு பிசகும்.

சாகாவின் கணக்கை வைத்துக்கொண்டுதான், 1925-ம் ஆண்டில் செசிலியா பெய்ன் என்ற இளம் பெண் விஞ்ஞானி, நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகமிக அதிகம் என்று காட்டினார். முதலில் பெரியவர்கள் நம்பவில்லை. பின்னால் ஒப்புக்கொண்டார்கள்.

குண்டூரில் தெரிந்த கோடு

ஹைட்ரஜனுக்கு அடுத்தபடியாக நட்சத்திரங்களில் அதிகம் இருப்பது ஹீலியம் என்ற வாயு. இந்த ஹீலியத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால், ஆந்திரத்தில் குண்டூர் வரும். 1868-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி, அங்கே முழுச் சூரிய கிரகணம். ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கருவியோடு குண்டூரில் காத்திருந்தார். சென்னை நுங்கம்பாக்கத்து வான் ஆய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன், மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார்.

அந்தக் கிரகணத்தின்போது, சூரியனின் விளிம்புச் சுடரில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்தின் கோடு அல்ல என்று, அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்யர் கண்டார். பூமியில் யாரும் பார்த்திராத புதுப் பொருள்! 'சூரியன்' என்று அர்த்தம் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹீலியம்' என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது கையில் கிடைத்தது 1895-ம் ஆண்டில்தான்.

ஆனால் ஹீலியம் ஒரு கள்ளன். சூடு மிகுந்த நட்சத்திரத்தில்தான் நன்றாகக் கோடு போடும். சூடு குறைந்த சிவப்பு நட்சத்திரத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

காட்டிக்கொள்ளாத கள்ளனை எப்படிப் பிடிப்பது? அதைத்தான் காவலூரில் செய்தார்கள்.

ஜவ்வாது மலைக்குப் போவோம்

திருவள்ளூரில் ரெயில் ஏறி, அரக்கோணம், காட்பாடி வழியாகப் போனால் வாணியம்பாடி வரும். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலைப் பாதையில் போனால் காவலூர். திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் சின்ன ஊர்.

நட்சத்திரம் பார்க்க அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் வைணு பாப்பு. 1927-ம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். ஊர் வெளிச்சம் இல்லாத, மரம் அடர்ந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனது. 1960-களின் கடைசியில், 38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட சிறிய டெலஸ்கோப்புடன் வேலை தொடங்கியது. 1972-ம் ஆண்டில் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது.

பாப்புவுக்கு அது போதவில்லை. பெரிய டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகப் பாடுபட்டார். ஆனால் அது முடிவதற்குள், 1982-ம் ஆண்டில் காலமாகிவிட்டார்.

1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிரதமர் ராஜீவ் காந்தி அந்த டெலஸ்கோப்பைத் திறந்து வைத்தார். அதன் கண்ணாடியின் அகலம் 2.34 மீட்டர். அதாவது ஏறக்குறைய ஏழே முக்கால் அடி. உங்கள் வீட்டு வாசற்படியின் உயரத்தைவிட அதிகம்! டெலஸ்கோப்புக்கு வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

ஒரு கோடி நட்சத்திரம் ஒரே கூட்டில்

அந்த டெலஸ்கோப் திரும்பிப் பார்த்த இடங்களில் ஒன்று, 'ஒமேகா சென்டாரி' என்ற நட்சத்திரக் கூட்டம்.

தேன் கூட்டில் ஈக்கள் மொய்ப்பது போல, சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் உருண்டையாக மொய்த்துக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு 'கோளக் கூட்டம்' என்று பெயர். நம் பால் வீதியில் உள்ள கோளக் கூட்டங்களில் இதுதான் மிகப் பெரியது.

தூரம் சுமார் 17 ஆயிரம் ஒளி ஆண்டு. ஒளி 1 வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். அப்படி ஓடியும் இங்கு வந்து சேர 17 ஆயிரம் ஆண்டு ஆகிறது!

கோளக் கூட்டத்து நட்சத்திரங்கள், ஒரே சூளையில் சுட்ட செங்கல் மாதிரி. ஒரே மண். ஒரே ஈடு. ஆகவே எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் முன்பு நினைத்தார்கள்.

ஒமேகா சென்டாரி அந்த நினைப்பைத் தகர்த்தது. அதில் சில நட்சத்திரங்களில் சூரியனில் உள்ளதைப் போல நூறில் ஒரு பங்கு இரும்புதான் இருந்தது. வேறு சிலவற்றிலோ பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. ஒரே சூளையில் பல ஊர் மண்! சிலவற்றில் ஹீலியமும் அதிகம் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்கள்.

வயதான ராட்சதர்கள்

சந்தேகத்தைத் தீர்க்க எந்த நட்சத்திரங்களைச் சோதிப்பது?

வயதான நட்சத்திரங்களைத்தான்! நட்சத்திரம் தன் நடுவில் ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக மாற்றிக்கொண்டே வாழ்கிறது. நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்துபோனால், அது பல மடங்கு ஊதிப் பெருக்கிறது. மேல்புறம் சூடு குறைந்து சிவக்கிறது. அதற்குச் 'சிவப்பு ராட்சத நட்சத்திரம்' என்று பெயர். நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டு கழித்து இந்த நிலைக்கு வரும்.

ராட்சத நட்சத்திரம் நிறைய ஒளி தரும். ஆகவே அவ்வளவு தூரத்திலிருந்தும் அதன் கோடுகளைப் படிக்கலாம்.

பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் காவலூரை நடத்துகிறது. அந்த நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஹேமா என்ற பெண்மணியும், கஜேந்திர பாண்டே என்ற விஞ்ஞானியும், காவலூர் டெலஸ்கோப்பில் இந்த ராட்சதர்களின் ஒளியைப் பிரித்துப் படித்தார்கள்.

காலியாக ஓடிய ஆட்டோ

அவர்கள் பார்த்த இடம், வானவில்லில் பச்சை நிறப் பகுதி. அங்கே மெக்னீசியம் 3 கோடுகள் போடும். பக்கத்திலேயே இன்னொரு பட்டை தெரியும். அது, மெக்னீசியமும் ஹைட்ரஜனும் ஜோடி சேர்ந்தால் உண்டாவது. சூடு குறைந்த நட்சத்திரத்தில்தான் அந்த ஜோடி பிரியாமல் நிற்கும்.

ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியம்தான் ஆட்டோ. ஹைட்ரஜன்தான் பயணி. மெக்னீசியத்தின் 3 கோடுகள், ரோட்டில் எத்தனை ஆட்டோ ஓடுகிறது என்று சொல்லும். ஜோடிப் பட்டையோ, எத்தனை ஆட்டோவில் ஆள் ஏறியிருக்கிறது என்று சொல்லும்.

4 ராட்சத நட்சத்திரங்களில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. ஆட்டோக்கள் வழக்கம் போல ஓடின. ஆனால் ஆள் ஏறிய ஆட்டோ மிகக் குறைவு!

காரணம் என்ன?

உச்சி வெயிலாக இருந்தால் ஜனங்கள் வெளியே வர மாட்டார்கள். அதுபோல, நட்சத்திரம் நாம் நினைத்ததைவிடச் சூடாக இருந்தால் ஜோடிகள் பிரிந்துபோகும். இங்கேதான் உஷ்ணக் கணக்கு கை கொடுத்தது. அந்த ராட்சதர்களின் உஷ்ணம் முன்பே நன்றாக அளக்கப்பட்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு ஜோடிப் பட்டை பலமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை.

ஆட்டோ குறையவில்லை. வெயிலும் காரணம் இல்லை. மிஞ்சுவது ஒன்றே ஒன்று. பயணிகளே குறைவு!

அதாவது, அந்த 4 நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் குறைவு. ஹைட்ரஜன் குறைந்த இடத்தை நிரப்பியிருப்பது ஹீலியம். கள்ளன் சிக்கிக்கொண்டான்! இந்த முடிவு 2014-ம் ஆண்டில் வெளியானது.

இன்னொரு சோதனை

ஒரு தடவை பார்த்ததோடு அவர்கள் விட்டுவிடவில்லை. தென் ஆப்பிரிக்காவில் உள்ள, மிகப் பெரிய 'சால்ட்' டெலஸ்கோப்பில் அந்த நட்சத்திரங்களில் இரண்டை மறுபடியும் சோதித்தார்கள். கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. காவலூரில் கண்டது உறுதியானது.

2020-ம் ஆண்டில் அளவையே சொன்னார்கள். வழக்கமாக 100 ஹைட்ரஜன் அணுவுக்கு 10 ஹீலியம் அணு இருக்கும். இந்த இரண்டில் ஒன்றில் 15 இருந்தது. மற்றதில் 20 இருந்தது. 'இதில் 4 கூடலாம், 4 குறையலாம்' என்றும் சேர்த்தே சொன்னார்கள். தவறு எவ்வளவு வரலாம் என்று தானே சொல்வதுதான் நேர்மையான அளவு.

இதனால் நமக்கு என்ன?

"இதெல்லாம் தெரிந்து என்ன லாபம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம்.

உலகம் பிறந்த காலத்தில் இரும்பு இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் பெரும்பாலும் இருந்தன. நட்சத்திரங்கள் பிறந்து, எரிந்து, வெடித்துத்தான் இரும்பு உண்டானது. அந்தச் சாம்பலிலிருந்து புது நட்சத்திரங்கள் பிறந்தன. சூரியன் பிறந்தது. பூமியும் பிறந்தது.

கும்மிடிப்பூண்டி உலையில் உருகும் இரும்பு, நம் வீட்டு அரிவாள்மணையின் இரும்பு, நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு எல்லாமே என்றோ ஒரு நட்சத்திரத்தில் பிறந்தவை. எந்தத் தலைமுறை நட்சத்திரம் எதைக் கொடுத்தது என்ற குடும்பக் கதையைத்தான் கோளக் கூட்டங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

ஹீலியம் அதிகமான நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். ஆகவே ஹீலியத்தின் அளவு தெரியாமல் நட்சத்திரத்தின் வயதையும் வாழ்நாளையும் சரியாகச் சொல்ல முடியாது.

இருட்டும் ஒரு செல்வம்

இன்று உலகில் காவலூரைவிடப் பல மடங்கு பெரிய டெலஸ்கோப்புகள் இருக்கின்றன. ஆனாலும் காவலூர் டெலஸ்கோப் இந்த வேலையைச் செய்தது. சரியான கேள்வியும், பொறுமையும் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. அதுதான் இருட்டு!

வானத்தை நோக்கி வீணாகப் போகும் ஒவ்வொரு விளக்கும், மெல்லிய கோடுகளை மூழ்கடிக்கிறது. தெரு விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும். ஒளி தரையில் விழும். நமக்கும் வழி நன்றாகத் தெரியும், வானமும் பிழைக்கும்.

ஒமேகா சென்டாரியை நீங்களும் பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, மே நடுவில் இரவு 10 மணி. தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரத்தில் சித்திரை நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். கையை நீட்டி, அதற்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி அளவு இறங்குங்கள்.

தொழிற்பேட்டையில் நின்றால் தெரியாது. பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்றாலும், தெற்கே துறைமுகத்து வெளிச்சம் மறைக்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக ஒரு புள்ளி தெரியும். அதில்தான் 1 கோடி சூரியன்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கின் ரகசியத்தை, அதே மலையில் இருந்துதான் படித்தார்கள்!